சத்தம் போயிடுச்சா?

அந்தத் தெருவில் யாருடைய சைக்கிளாவது முனக ஆரம்பித்தால், "காதுக்காரர்கிட்டக் காட்டு" என்பார்கள். அவருடைய சொந்தப் பெயர் கடைப் பலகையில் எழுதியிருந்தது. வெயிலில் வெளிறி அது அழிந்து பல வருடம் ஆகிறது. யாருக்கும் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, அவரும் திரும்ப எழுதவில்லை.

காது என்றால் லேசுப்பட்ட காது இல்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, கையில் இருக்கும் ஸ்பானரைக் கீழே வைக்காமல் சொல்லிவிடுவார்: "இடது பெடல். உள்ளே ஒரு பால்ரஸ் குண்டு உடைஞ்சிருக்கு." கழற்றிப் பார்த்தால் உடைந்த பால்ரஸ் அவர் உள்ளங்கையில் வந்து விழும். அப்படிப் பிடிபடாத சத்தம் என்றால்தான் அவருக்கே உற்சாகம். முதலில் உட்கார்ந்து மிதிப்பார். பிறகு சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிப்பார். சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி சீட்டு. மிதிப்பதை நிறுத்திவிட்டு வண்டியைச் சும்மா உருளவிடுவார். அப்போதும் வந்தால் சக்கரம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுவார். அதில் வந்தால் ஹேண்டில். கடைசியில் ஒரு ஸ்க்ரூ டிரைவரின் முனையை வண்டிமேல் வைத்து, அதன் பிடியைத் தன் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் தும்மக்கூட முடியாது.

இவ்வளவு நல்ல காதுக்குக் கேட்கப் பிடிக்காத வார்த்தை ஒன்றே ஒன்று இருந்தது: "அண்ணே, சத்தம் இன்னும் போகல."

ஒரு தடவை கணக்கு வாத்தியார் அப்படிச் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார். காதுக்காரருக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது. "இறங்குங்க, சட்டைப் பையைக் காலி பண்ணுங்க" என்றார். வாத்தியார் பையில் ஒரு சாவிக்கொத்து இருந்தது. அதை வாங்கித் தன் மேசைமேல் வைத்துவிட்டு, "இப்ப ஓட்டிட்டு வாங்க" என்றார். சத்தம் இல்லை. அந்தக் கதையை அவர் பத்து வருடம் சொன்னார். கேட்கிறவர்கள் பத்து வருடமும் சிரித்தார்கள், வேறு வழி?

ஆனால் தையல்காரர் வந்து அதே வார்த்தையைச் சொன்னபோது அவர் சட்டைப் பையில் ஒன்றும் இல்லை. சத்தம் உண்மையாகவே இருந்தது. காதுக்காரர் அந்த வண்டியைத் தூக்கி நடுத்தெருவில் வைத்தார். "என்னைவிட நல்ல காது உள்ளவன் எவனாவது இருந்தா அவன்கிட்டக் கொண்டு போ" என்றார். அதற்கப்புறம் ஒரு வருடம் தையல்காரரோடு பேச்சு வார்த்தை இல்லை. எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார். பொத்தான் அறுந்த சட்டைக்கு ஊக்கு மாட்டிக்கொண்டு திரிந்தாரே தவிர, தையற்கடை வாசலை மிதிக்கவில்லை.

ஆகவே தெரு பாடம் படித்துக்கொண்டது. வேலை முடித்து வண்டியைக் கொடுக்கும்போது அவர் கேட்பார்: "சத்தம் போயிடுச்சா?" கேள்வி மாதிரிதான் இருக்கும், ஆனால் வேறு பதில் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. "போயிடுச்சு அண்ணே" என்று சொல்லிவிட்டு, போகாத சத்தத்தை இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடையில் காதும் காதும் வைத்தாற்போலச் சரிசெய்துகொண்டு போவார்கள். ஊருக்கே தெரிந்த இந்த விஷயம் அவருக்கு மட்டும் தெரியாது. என்ன காதோ போங்கள்.

அவருடைய தங்கை கடைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். கணவனை இழந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. காதுக்காரர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு ரேடியோ, அவ்வளவுதான். தங்கை, அவள் கணவர், இவர், மூன்று பேர்தான் குடும்பம் என்று இருந்தது. இப்போது இரண்டு பேர். எட்டு மாதமாக இந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்துப் பேசியது கிடையாது. துக்கம்தான் காரணம் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

"அண்ணா, அவரோட சைக்கிள் எங்க?" என்றாள், வந்ததும் வராததுமாக.

அவர் கையிலிருந்த ஸ்பானரை மேசைமேல் வைத்தார். "உள்ளே கிடக்கு. ஏன்?"

"அதைச் சரி பண்ணிக் குடு. அச்சகத்துக்குப் போக வர நடந்தே கால் போச்சு."

கணவர் வேலை பார்த்த அச்சகத்திலேயே, நோட்டுப் புத்தகம் தைக்கிற பிரிவில் அவளுக்கு வேலை கொடுத்திருந்தார்கள். அச்சகம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். நடந்தால் முக்கால் மணி நேரம்.

"அது எதுக்கும்மா? நல்லதா வேற ஒண்ணு பாத்துத் தரேன்."

"வேற வேணாம். எனக்கு அதுதான் வேணும். சரி பண்ண முடியுமா முடியாதா?"

"முடியாதுன்னு யார் சொன்னது?" என்றார். வாய் பழக்கம்.

"அப்ப ஞாயித்துக்கிழமை மதியம் வரேன்." படியிறங்கப் போனவள் நின்றாள். மேசைமேல் இருந்த ஸ்பானரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "முன்பக்கத்தை முழுசாக் கழட்டுவியா?"

"கழட்டாம எப்படி?"

அவள் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள். இவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்துகொண்டுதான் கேட்கிறாள் என்று காதுக்காரர் முடிவு கட்டிக்கொண்டு, கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த சைக்கிள் குறுக்குக் கம்பி இல்லாதது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஓட்டலாம் என்று வாங்கியது. அச்சகத்தில், "என்ன, பொம்பளை சைக்கிள்ல வர்றே?" என்று கேலி செய்வார்கள். "ஆமாங்க, பொம்பளையோட சைக்கிள்தான். பெரிய மனசு பண்ணி எனக்கு இரவல் குடுத்திருக்கா" என்பார் மாப்பிள்ளை. தங்கை புருஷனைக் காதுக்காரர் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார், அவர் இவரை மச்சான் என்பார். சிரித்த முகம். முன்னால் ஒரு பெரிய கேரியர் மாட்டி, அதில் நோட்டுக் கட்டுகளை அடுக்கிக்கொண்டு கடை கடையாகப் போடுவது அவர் வேலை. ஒரு நடைக்கு ஒரு ஆள் கனம் முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருக்கும்.

பத்து மாதத்துக்கு முன்னால் அந்த சைக்கிள் முனக ஆரம்பித்தது. கிர்க், கிர்க் என்று. ஒரு சாயங்காலம், கடை மூடுகிற நேரத்தில் மாப்பிள்ளை வண்டியோடு வந்து நின்றார்.

"மச்சான், இவ ரொம்பப் பேசறா. என்னன்னு கேளுங்க."

காதுக்காரர் ஸ்டாண்டில் நிறுத்தக்கூட இல்லை. முன் பிரேக்கைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டினார். "ஹேண்டிலுக்கு அடியில. கிரீஸ் காஞ்சுபோச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

அந்த இடத்தில், வண்டியின் முன்குழாய்க்குள்ளே, ஃபோர்க்கின் தண்டு ஒளிந்துகொண்டிருக்கும். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிறதே, அந்த ஃபோர்க். தண்டைப் பார்க்க வேண்டும் என்றால் ஹேண்டிலைக் கழற்றி, ஃபோர்க்கை முழுசாக வெளியே உருவி, துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். அரைமணி நேர வேலை. மற்றவர்களுக்கு அவர் அப்படித்தான் செய்வார். அன்றைக்கு நட்டை மட்டும் தளர்த்தி, மேலேயும் கீழேயும் விரலால் கிரீஸைத் திணித்து, முறுக்கிவிட்டார். நம்ம வீட்டு வண்டிதானே, நம்ம காதுதானே என்ற மிதப்பு. சத்தம் டக்கென்று நின்றது.

"சத்தம் போயிடுச்சா?"

"போயே போச்சு மச்சான்! உங்க கையில என்னதான் இருக்கோ!" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை மணி அடித்துக்கொண்டே போனார்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை வீட்டில் சாப்பிடும்போதும் கேட்டார், வண்டி எப்படிப் போகிறது என்று. "பூ மாதிரி போகுது மச்சான்" என்றார் மாப்பிள்ளை. அதற்கு அடுத்த புதன்கிழமை காலை, பாலத்து இறக்கத்தில், முன்னால் நோட்டுக் கட்டுகளோடு வரும்போது ஃபோர்க் முறிந்தது. சக்கரம் தனியாக ஓடியது. மாப்பிள்ளை தலை பாலத்துச் சுவரில் மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேலையே இருக்கவில்லை.

இறக்கத்தில் ஒரு பள்ளம் இருந்தது. பள்ளத்தில் விட்டு உடைந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ரோடு போட்டவனைத் திட்டினார்கள். அச்சகத்து ஆட்கள் உடைந்த சைக்கிளை ஒரு கைவண்டியில் போட்டு எடுத்துவந்து காதுக்காரர் கடையில் இறக்கினார்கள். அவர்கள் போனபிறகு அவர் குனிந்து, முறிந்த தண்டைப் பார்த்தார்.

இரும்பு ஒரே நாளில் முறிந்தால், முறிந்த முகம் முழுக்கப் பளபளவென்று இருக்கும். இதில் பாதிதான் பளபளப்பு. மிச்சப் பாதி கறுத்துப் போயிருந்தது. விரிசல் விட்டுப் பல நாள் ஆனால்தான் அப்படிக் கறுக்கும். அந்தக் கறுப்புப் பாதியில், இடுக்குக்குள், இவர் விரலால் திணித்த கிரீஸ் இருந்தது. அதாவது இவர் கிரீஸ் வைத்த அன்றைக்கே விரிசல் இருந்தது. அது கிர்க் கிர்க் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. இவர் அதன் வாயை அடைத்துவிட்டார். பூ மாதிரி போகிறது என்று மாப்பிள்ளையும் நம்பி ஓட்டிக்கொண்டு போனார்.

இதைப் படிக்கத் தெரிந்த ஆள் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். அவர் சைக்கிளைத் தூக்கிப் பழைய டயர்களுக்குப் பின்னால் போட்டு, ஒரு சாக்கால் மூடினார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. காரியம் முடிந்த அன்றைக்குத் தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இனி நீதான் அண்ணா" என்று அழுதபோதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. சொன்னால் இவளும் போய்விடுவாள். மிச்சம் இருப்பது இவள் ஒருத்தி.

இப்போது அவளே வந்து கேட்டுவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்தபடியே அவர் முடிவு செய்தார்: ஞாயிற்றுக்கிழமை வண்டியையும் கொடுப்பது, உண்மையையும் சொல்லிவிடுவது. பிறகு அவள் முகத்தில் விழிக்க முடியாமல் போனாலும் சரி.

புதனிலிருந்து சனிவரை அவர் வேறு வண்டி தொடவில்லை. "அப்புறம் வாங்க" என்று எல்லோரையும் திருப்பி அனுப்பினார். அந்த சைக்கிளை எலும்பு எலும்பாகக் கழற்றினார். பெடல், கிராங்க், செயின், பின்சக்கரம், ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, செய்தித்தாளில் வரிசையாக வைத்தார். வண்டியின் ஃபிரேமை அங்குலம் அங்குலமாகத் துடைத்து, ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துத் தட்டிக் கேட்டார். புது ஃபோர்க், புது முன்சக்கரம். முன்னால் இருந்த பெரிய கேரியரை மாட்டவில்லை. முன்குழாயைத் துடைக்கும்போது, கிரீஸோடு வேறு ஏதோ மெல்லிய எண்ணெயும் வழிந்து காய்ந்து பிசினாகிக் கிடந்தது. எங்கிருந்து வந்தது இது என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு அந்த யோசனையும் மற்ற யோசனைகளோடு கலந்து போய்விட்டது.

முறிந்த பழைய தண்டை மட்டும் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்தார். வாயால் சொல்ல முடியாமல் போனால், அதையாவது எடுத்து நீட்டலாம் என்று.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை வந்தாள். வண்டி வாசலில் ஸ்டாண்டில் நின்றது. மாப்பிள்ளையின் மணி அதே இடத்தில் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். காதுக்காரர் ஏறித் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தார். மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் வந்தது வண்டி.

"அவர் ஓட்டுற மாதிரியே இருந்துது" என்றாள். அழுதுவிடுவாள் போல இருந்தது.

அவர் இழுப்பறையைத் திறந்தார். துணியை மேசைமேல் வைத்துப் பிரித்தார். நான்கு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் எல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது.

"இங்க பாரும்மா. இந்தப் பாதி கறுப்பு. இந்தப் பாதி வெள்ளை. கறுப்பு பழைய விரிசல். பள்ளத்துல விட்டதால உடையல. முன்னாடியே விட்டிருக்கு. மாப்பிள்ளை அன்னைக்கு சத்தம் வருதுன்னு கொண்டு வந்தாரே, அது இதுதான். நான் கழட்டிப் பாக்கல. சோம்பேறித்தனம். விரலால கிரீஸ் வச்சு அனுப்பிட்டேன். அது சத்தம் போட்டு எச்சரிச்சுட்டு இருந்துது, நான் அமுக்கிட்டேன். நான்தாம்மா அவரைக் கொன்னேன்."

சொல்லிவிட்டு நின்றார். அடி வாங்கத் தயாராக நிற்கிறவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் எழுந்து வந்து துணியிலிருந்த இரும்பைக் குனிந்து பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். விரல் நுனியைத் தேய்த்து முகர்ந்தாள்.

"எண்ணெய் வாசனை வருது" என்றாள்.

"கிரீஸ்மா."

"இல்ல அண்ணா. எண்ணெய்." அவள் ஸ்டூலில் திரும்ப உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதைவிட விழுந்தாள் என்றே சொல்லலாம். "அந்தச் சத்தம் நாலாம் நாளே திரும்ப வந்துடுச்சு."

"எந்தச் சத்தம்?"

"நீ நிறுத்தின சத்தம். வேலை முடிஞ்சு வந்தவரு வாசல்ல நின்னு சிரிச்சாரு. 'உங்க அண்ணன் வைத்தியம் மூணு நாளைக்குத்தான் தாங்குது'ன்னாரு. நானும் சிரிச்சேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "திரும்ப வந்துதா? அன்னைக்கே என்கிட்ட வரவேண்டியதுதானே?"

"உன்கிட்டயா?" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. குத்திக்காட்டிக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். காதுக்காரர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் வரேன்னுதான் சொன்னாரு அண்ணா. 'மச்சான்கிட்டயே திரும்பக் காட்டிடறேன்'னாரு. நான்தான் விடல. தையல்காரர்கிட்ட நீ ஒரு வருஷம் பேசல. எங்ககிட்டயும் நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வராம நின்னுட்டேன்னா? எங்களுக்கும் உன்னை விட்டா யாரு? 'வேணாங்க, அண்ணனுக்கு ரோஷம் ஜாஸ்தி, மனசு கஷ்டப்படும்'னு நானே தையல் மிஷின் எண்ணெயைக் கொண்டு வந்து ஊத்தினேன். ரெண்டு நாள் நின்னுது. திரும்ப வந்துது. திரும்பவும் ஊத்தினேன்."

"ரெண்டு தெரு தள்ளி இருக்கிற கடைக்காவது போயிருக்கலாமே?"

"ஊர்ல எல்லாரும் போறாங்க. நாங்க போக முடியுமா? உன் தங்கச்சி வீட்டு வண்டி வேற கடையில நின்னா உனக்கு அவமானம்னாரு."

ஊர்ல எல்லாரும் என்பதை அவர் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார். அதையும் வாங்கிக்கொண்டார்.

"அந்த ஞாயித்துக்கிழமை சொல்லிடலாம்னுதான் இருந்தோம்" என்றாள். குரல் உடைய ஆரம்பித்தது. "மச்சான் சாப்பிட வர்றப்போ நல்ல மனநிலைல இருப்பாரு, மெதுவா சொல்றேன்னாரு. நீ உக்காந்ததும் தையல்காரர் கதையை எடுத்தே. தூக்கி நடுத்தெருவுல வச்சேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சே. அவரு வாயைத் திறந்தவரு அப்படியே மூடிக்கிட்டாரு. அப்புறம் நீயே கேட்டே, வண்டி எப்படிப் போகுதுன்னு."

"பூ மாதிரி போகுதுன்னாரே!"

"வேற என்ன சொல்லுவாரு?"

அவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை முழுசும் கண்முன்னால் வந்தது. சாப்பாடு முடிந்து கிளம்பும்போது மாப்பிள்ளை கடைத்தெருவரை கூடவே வந்தார். சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார். "என்ன மாப்பிள்ளை, ஓட்டத் தெரியாதவர் மாதிரி தள்ளிட்டு வர்றீங்க?" என்று இவர் கிண்டல் செய்தார். "உங்க தங்கச்சி சாப்பாடு மச்சான், நடந்தாத்தான் செரிக்கும்" என்றார் அவர்.

"தள்ளிட்டு வந்தாரே..." என்றார் காதுக்காரர்.

"ஓட்டினா உனக்குக் கேட்டுடும்ல."

தெருவில் யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள். காதுக்காரர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். எட்டு மாதமாக அவர் சுமந்தது ஒரு சாயங்காலத்துச் சோம்பேறித்தனத்தை. அதற்கு எடை இருந்தது, ஆனால் ஒரு அளவும் இருந்தது. இப்போது அவள் கொண்டுவந்து வைத்ததற்கு அளவே தெரியவில்லை. அந்த இரும்பு வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறது. நாலாம் நாள் சொன்னது, பத்தாம் நாள் சொன்னது, கடைசி ஞாயிற்றுக்கிழமையும் சொன்னது. கேட்டுச் சரிசெய்யக்கூடிய ஒரே ஆளிடம் மட்டும் யாராலும் அதைக் கொண்டுவர முடியவில்லை. அவருடைய ரோஷத்துக்குப் பயந்து, அவர்மேல் இருந்த பாசத்தால், ஒரு நல்ல மனிதர் அவர் எதிரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, அவர் இல்லாத இடத்தில் ஓட்டிச் செத்திருக்கிறார்.

"நீ முழுசாக் கழட்டினா என் எண்ணெய் தெரிஞ்சுடும்னு எட்டு மாசமா செத்துப் பிழைச்சேன்" என்று தங்கை அழுதாள். "தெரியட்டும்னுதான் அன்னைக்கு வந்தேன். நான் ஊத்தாம இருந்திருந்தா சத்தம் பெருசாயிருக்கும், அவரே பயந்துபோய் உன்கிட்ட வந்திருப்பாரு. நான்தான் அண்ணா..."

"நீ இல்ல."

"நான்தான்."

"நீ எதுக்கு எண்ணெய் ஊத்தினே? எனக்குப் பயந்து. அப்ப யாரு?"

ஒருவர் கையில் இருந்த பழியை ஒருவர் பிடுங்கிக்கொண்டு அண்ணனும் தங்கையும் நெடுநேரம் அழுதார்கள். பழிதான் அவர்களிடம் மிச்சம் இருந்தது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

பொழுது சாயத் தொடங்கியது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நேரமாகுது, கிளம்பறேன்" என்றாள். அவர் எழுந்து, அவள் உயரத்துக்கு ஏற்ப சீட்டை இரண்டு விரல் இறக்கி முறுக்கினார். "ஒரு சுத்து ஓட்டிட்டு வா. சரியா இருக்கான்னு பாக்கலாம்" என்றார்.

அவள் ஏறினாள். முதலில் கொஞ்சம் தடுமாறி, பிறகு நிமிர்ந்து, தெருமுனைவரை போனாள். திரும்பி வரும்போது காற்று அவள் முந்தானையைப் பின்னால் இழுத்தது. காதுக்காரர் வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

கிர்க்.

அவர் கம்பத்தை விட்டு ஒரு அடி முன்னால் வந்தார். கிர்க். அவள் ஒவ்வொரு மிதிக்கும் சீட்டில் அசையும்போது வருகிறது. அவர் ஓட்டியபோது இல்லை. இப்போது இறக்கினாரே, அந்தச் சீட்டுக் கம்பி. புது இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது, துடைக்காமல் இறக்கிவிட்டார். பயப்பட ஒன்றும் இல்லாத சத்தம். தெருமுனையிலிருந்தே அவருக்குத் தெளிவாகக் கேட்டது. அதன்மேல் உட்கார்ந்திருப்பவளுக்குக் கேட்காமல் இருக்காது.

அவள் வந்து ஒரு காலை ஊன்றி நின்றாள்.

"சத்தம் போயிடுச்சா?" என்று கேட்டார். இத்தனை வருடத்துப் பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"போயிடுச்சு அண்ணா" என்றாள். சிரிக்கக்கூட முயன்றாள். "பூ மாதிரி போகுது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல. அவருக்குப் பதில் சொல்லிப் பழகிய நாக்கு. அரைமணி நேரம் முன்னால் அழுத அழுகையெல்லாம்கூட அந்தப் பழக்கத்தை அசைக்கவில்லை.

"போகலம்மா" என்றார் காதுக்காரர். "சீட்டுக்கு அடியில வருது. எனக்கு இங்கயே கேட்டுது. உனக்குக் கேக்கல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கேட்டுது."

"அப்ப சொல்லு."

"என்னன்னு?"

"சத்தம் இன்னும் போகலன்னு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. ஒரு தடவை சொல்லும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தாள். "அண்ணா," என்றாள், "சத்தம் இன்னும் போகல."

மாப்பிள்ளை கொண்டுவந்து கொடுக்காமலே போன வார்த்தை அது. அவர் சைக்கிளின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"சரிம்மா" என்றார். "இறங்கு. முழுசாக் கழட்டிப் பாத்துடறேன்."

அவள் இறங்கினாள். அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு சீட்டுக்குக் கீழே குனிந்தார். கண்ணீர் மறைத்துக்கொண்டே இருந்தது, நட்டு எங்கே என்று தெரியவில்லை. தங்கை அவர் கையைப் பிடித்து நட்டின்மேல் வைத்துவிட்டு, சீட்டு ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.